மலைநாட்டு வீட்டில் நீராடும் அறை

நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் வாழ்வோருக்கு நீர் கிடைத்தற்கரிய பொருளன்று. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மலைகளின் மேற்குச் சரிவு முழுவதும் மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும். இலங்கையில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான வட்டவளை இச்சரிவிலேதான் இருக்கின்றது. பாறை இடுக்கிலிருந்து கசியும் ஊற்றுக்களும் பல. இத்தனை நீர் இருந்தும், அந்நீரில் மறைவாக நின்று குளிப்பதற்கு நான்கு சுவர்கள் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாய்க்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதன் காரணம் தோட்டக் குடியிருப்பு எழுந்த முறையிலே உள்ளது. கோப்பிப் பயிர் செழித்த காலத்திலேயே லயங்கள் தோன்றிவிட்டன. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட பின்னரும், கோப்பி நோயுற்று அழிந்து தேயிலை மலை முழுவதும் பரவிய பின்னரும், தொழிலாளர்க்குரிய வீடு அதே லயமாகவே நின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, முற்றத்தை ஒட்டி ஓடும் ஒரு கான்: இவ்வளவே ஒரு குடும்பத்தின் உலகம். உறங்குவதற்கும் சமைப்பதற்கும் இடம் கணக்கிட்டவர்கள் குளிப்பதற்கு இடம் கணக்கிடவில்லை. அதற்குப் பீலி இருந்தது. மலையிலிருந்து இறங்கும் நீரை ஒரு குழாயாலோ மூங்கிலாலோ தகரத்தாலோ வழிப்படுத்தி, கற்பாவிய தரையில் விழச் செய்தார்கள். அங்கேயே பாத்திரம் கழுவினர், துணி துவைத்தனர், ஆணும் பெண்ணும் முறை வைத்துக் குளித்தனர்.

பெண்களுக்கு அது எத்துணை இடர் தந்தது என்பதை மலையகத்தார் எவரும் அறிவர். நாள் முழுவதும் மழையில் நின்று கொழுந்தெடுத்து, காலில் அட்டை கடித்த இரத்தம் காயாமல் திரும்பும் ஒரு தாய், திறந்த வெளியிலே குறுக்குக்கட்டுடன் குளிர்ந்த நீரின்கீழ் நிற்க வேண்டும். ஆள் நடமாட்டம் குறையட்டும் என்று இருட்டும்வரை காத்திருப்போரும், விடியுமுன் எழுந்து செல்வோரும் உண்டு. ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள நுவரெலியாவின் மார்கழிப் பனியில் அவ்வாறு குளிப்பது எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பருவமெய்திய பிள்ளைகளும், பேறு முடிந்த பெண்களும், தள்ளாத முதியோரும் இதே பீலிக்கே வரவேண்டியிருந்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. ஆட்சி மாறியதே தவிர லயங்கள் பெரிதும் மாறவில்லை. பின்னர், குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்னும் கொள்கை உருவாயிற்று. இந்திய அரசின் உதவியுடன் முதலில் நாலாயிரம் வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது சதுர அடி கொண்ட இவ்வகை வீடுகளில் குளியலறை வீட்டின் உறுப்பாகவே அமைகின்றது. தம் சேமிப்பையும், கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் கொண்டு, இருக்கும் வீட்டுடன் குளியலறை ஒன்றைச் சேர்த்துக் கட்டுவோரும் பலர். எனினும், இன்றும் பல குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன.

இவ்வாறு கட்டப்படும் அறைகளிற் பல ஓரிரு மழைக்காலத்துள் பழுதாகின்றன. சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கின்றது. அடுத்த அறையின் தரை ஈரமாகின்றது. மூலையில் நீர் தேங்கிப் பாசி படர்கின்றது. சீமெந்து நல்லதன்று என்றும், மேசன் சரியில்லை என்றும் பழி கூறப்படுவதுண்டு. பெரும்பாலும் குற்றம் திட்டத்திலே இருக்கின்றது. வீடெல்லாம் கட்டி முடித்தபின் எஞ்சிய மூலையில் குளியலறையை வைத்துவிட்டு, நீர் எவ்வழியாக வெளியேறும் என்பதைக் கடைசியாக நினைப்பதே அக்குற்றம்.

மேல்நாட்டார் இப்போது ‘வெட் ரூம்’ என்று பெயரிட்டுப் பெருமையாகப் பேசும் ஓர் அமைப்பு உண்டு. தொட்டியும் கண்ணாடிக் கூண்டும் இன்றி, அறை முழுவதுமே நனையலாம் என்னும் எண்ணத்துடன் தரையையும் சுவரையும் நீர் புகாதவாறு செய்து, தரையைச் சாய்த்து, ஒரே வாயிலால் நீரை வெளியேற்றும் அறையே அது. தமிழருக்கு இதிற் புதுமை யாது? வாளியில் நீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் மக்கள் என்றுமே இவ்விதமாகவே குளித்து வந்துள்ளனர். 1920ஆம் ஆண்டுகளில் மொகஞ்சதாரோவை அகழ்ந்தவர்கள், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வீடுகளிலே செங்கல் பாவிய குளிக்குந் தளங்களைக் கண்டார்கள். கற்கள் நெருக்கமாகப் பொருத்தப்பட்டு, ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்து, நீர் தெருக்கானுக்குச் செல்லும்படி அவை அமைந்திருந்தன. அங்குள்ள பெருங்குளத்தின் சுவரிலே நிலக்கீல் பூசி நீர்க்கசிவைத் தடுத்திருந்தனர். சாய்வு, வாயில், நீர் புகாப் பூச்சு ஆகிய மூன்றும் அன்றே அறியப்பட்டிருந்தன. ஹட்டனில் ஒரு குடும்பம் இன்று கட்டும் அறைக்கும் இம்மூன்றுமே உயிர்நாடி.

மலைநாட்டில் நான்காவது ஒன்றும் உண்டு. வாயிலைக் கடந்த நீர் பின்பு எங்கே போகின்றது? சமவெளியில் இக்கேள்விக்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை. வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சிவிடலாம். மலையில் ஒருவர் வீட்டுக் கழிவுநீர் கீழ்த்தட்டில் இருப்பவரின் கூரைக்கு நேரே இறங்குகின்றது. ஐவர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு முப்பது லீற்றர் என்று கொண்டாலும் நாளொன்றுக்கு நூற்றைம்பது லீற்றர் நீர் ஒரே இடத்தில் விழும். அது மண்ணுக்குள் ஊறிக்கொண்டேயிருந்தால், மழைக்காலத்தில் ஏற்கெனவே நனைந்து கனத்திருக்கும் சரிவு மேலும் தளர்கின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதும், 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின்போது மலைநாடெங்கும் சரிவுகள் நேர்ந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. அவற்றுக்குப் பெருமழையே காரணம். குளியலறை நீர் அன்று. ஆயினும் ஒரு வீட்டின் பின்புற மேட்டையோ முன்புற விளிம்பையோ வலுவிழக்கச் செய்வதற்கு நாள்தோறும் ஊறும் நீர் போதுமானது. சரிவான மாவட்டங்களில் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுவது வீண் சடங்கன்று.

ஆகவே, முதலில் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் ஒருமுறை நிலத்தைச் சுற்றி வருதல் நன்று. மழைநீர் இயல்பாக எவ்வழி இறங்குகின்றது, தோட்டத்துக் கான் எங்கே ஓடுகின்றது, அக்கான் கல்கட்டியதா வெறும் மண்ணா என்பன அப்போது புலப்படும். குளிக்கும் நீரைச் சீமெந்து பூசிய கான் வழியாகவோ குழாய் வழியாகவோ அந்தப் பெரிய கானில் சேர்க்கவேண்டும். விளிம்பு ஓரத்தில் ஊறல் குழி தோண்டுவது தகாது. மலசலகூடக் குழியினுள் குளிக்கும் நீரை விடுவதும் தவறு. சிறிய குழி விரைவில் நிரம்பும், அதிலுள்ள அழுக்கு மக்குவதற்கும் தடை நேரும். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. பின்னால் வரும் பல சண்டைகளுக்கு அது மருந்து.

அடுத்து இடம். மலைச் சரிவை வெட்டித் தட்டாக்கிய நிலத்தில் வீட்டின் பின்சுவர் வெட்டிய மேட்டைப் பார்த்து நிற்கும். அப்பக்கம் எப்போதும் ஈரமானது, வெயில் படாதது. பின்புறம் மறைவாக இருக்கின்றதென்று குளியலறையை அங்கு வைப்பதே வழக்கம். அது ஈரத்துடன் ஈரத்தைச் சேர்ப்பதாகும். சமையலறையின் பக்கச்சுவரை ஒட்டிக் கட்டுவதே மேலானது. அடுப்பின் சூடு சுவரைச் சிறிதேனும் உலர வைக்கும். வெந்நீரை வெளியே தூக்கிச் செல்லவேண்டாம். இரண்டு அறைகளுக்கும் ஒரே குழாய் வழி போதும். குளிப்பதற்கு மட்டுமெனில் நாலடிக்கு ஆறடி போதுமானது. மலசலகூடமும் சேர்ந்திருக்க வேண்டுமெனில் ஐந்தடிக்கு ஏழடிக்குக் குறைதல் கூடாது. நீர் விழும் இடமும் வெளியேறும் வாயிலும் கதவுக்கு எதிர்க்கோடியில் இருத்தல் வேண்டும்.

சாய்வைப் பற்றி மேசன்மார் ‘கொஞ்சம் வாட்டம் விட்டிருக்கிறேன்’ என்பர். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை. அடிக்குக் கால் அங்குலம் என்பது நல்ல அளவு. ஆறடி நீளமான தரையில் கதவோரத்துக்கும் வாயிலுக்கும் இடையே ஒன்றரை அங்குல இறக்கம் வரும். இதைவிடக் குறைந்தால் நீர் தயங்கி நிற்கும். மிகுந்தால் நனைந்த காலுடன் நிற்கும் முதியவர் தடுமாறுவார். இந்த ஒன்றரை அங்குலத்தைக் கடைசிப் பூச்சில் சமாளிக்க முயல்வதனாலேயே பல தரைகள் கெடுகின்றன. அடிக்கொங்கிரீட் இடும்போதே தளம் அடுத்த அறையைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். சாய்வும் அக்கொங்கிரீட்டிலேயே தொடங்க வேண்டும். வெளியேறும் குழாய் இரண்டு அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் அவசியம். மூன்று அங்குலமாயின் தலைமுடியும் சவர்க்காரமும் அடைத்துக்கொள்வது குறையும். வாயிலின் கீழே எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும் வளைவு இருக்கவேண்டும். அத்தேங்கிய நீரே கானின் துர்நாற்றத்தையும் பூச்சிகளையும் உள்ளே வரவிடாது காக்கும்.

இனி, நீர் புகாப் பூச்சு. ஓடு பதித்துவிட்டால் நீர் உள்ளே இறங்காதென்று பலர் நம்புகின்றனர். ஓட்டினூடாக நீர் இறங்காது என்பது மெய்யே. ஓடுகளுக்கு இடையிலுள்ள சாந்து வரியினூடாக அது நாள்தோறும் இறங்கும். இறங்கும் நீரைத் தடுப்பது ஓட்டின் கீழே மறைந்திருக்கும் பூச்சு ஒன்றே. சீமெந்துத் தூளும் பால்போன்ற திரவமும் கலந்து பூசும் இளகுந்தன்மையுள்ள பூச்சு வகைகள் இன்று நகரக் கடைகளிற் கிடைக்கின்றன. முதற்பூச்சை ஒரு திசையிலும், அது காய்ந்தபின் இரண்டாம் பூச்சை அதற்குக் குறுக்காகவும் தூரிகையால் இடவேண்டும். தரையும் சுவரும் சந்திக்கும் மூலைதான் முதலில் வெடிப்பது. ஆதலால் அம்மூலையைச் சாந்தால் உருட்டி, வலைத்துணி வைத்து, அதன்மேல் பூசுதல் முறை. சுவரிலே எல்லாப் பக்கமும் ஓரடி உயரத்துக்கும், நீர் தெறிக்கும் பக்கத்தில் ஆறடி உயரத்துக்கும் பூச்சு ஏறவேண்டும். குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தையும் தரைவாயிலின் விளிம்பையும் மேற்பார்வையின்றி விடுதல் கூடாது. கசிவு பெரும்பாலும் அவ்விரண்டிடங்களிலேயே பிறக்கின்றது.

குளிர்நாடான சுவீடனில் இப்பூச்சுவேலையை அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களே செய்யவேண்டுமென்று தொழில் விதிகள் வகுத்திருக்கின்றனர். மரத்தால் வீடு கட்டுவோர்க்கு ஒருதுளி நீரும் பகையாகும் அன்றோ? மலைநாட்டிலே அத்தகைய விதிகள் இல்லாவிடினும் எளிய சோதனை ஒன்று உண்டு. பூச்சு நன்கு உலர்ந்தபின், ஓடு பதிக்குமுன், தரைவாயிலைத் துணியால் இறுக அடைத்து, கதவடியில் சாந்தால் சிறுவரம்பு கட்டி, சராசரி ஒன்றரை அங்குல ஆழத்துக்கு நீர் நிரப்ப வேண்டும். நாலடிக்கு ஆறடி அறைக்கு அது மூன்று கன அடி, அதாவது ஏறத்தாழ எண்பத்தைந்து லீற்றர். நாலைந்து வாளி நீரே. சுவரில் நீர் நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு முழுநாள் விட்டுவைத்து, மறுநாள் பார்க்கவேண்டும். மலைக் குளிரில் ஒரு நாளில் ஆவியாகும் நீர் மிகச் சொற்பம். குறியிலிருந்து மட்டம் தெளிவாக இறங்கியிருந்தால் எங்கோ வழி இருக்கின்றது. இச்சோதனைக்கு ஒருநாள் தாமதம் ஆகுமென்று வேலையாட்கள் சலித்துக்கொள்வர். சலித்துக்கொள்ளட்டும்.

தரையின் மேற்பரப்பைப் பொறுத்தவரை அழகுக்கு ஆசைப்பட்டு வழுவழுப்பான பெரிய ஓடுகளை வாங்குவோர் உளர். சிறிய ஓடுகளில் சாந்து வரிகள் அதிகம். அவ்வரிகள் காலுக்குப் பிடிப்புத் தரும். ஓட்டுக்குப் பணம் போதாவிடின், நீர் புகாப் பூச்சின்மேல் சீமெந்துச் சாந்திட்டு, அது இறுகுமுன் தும்புத் தூரிகையால் வரிவரியாகத் தேய்த்துவிட்டால் போதும். நாற்பது ஆண்டுகள் மலையேறி இறங்கிய முழங்கால்கள் ஈரத்தரையில் நம்பிக்கையோடு நிற்க, சுவரில் இடுப்புயரத்திற் பதித்த ஓர் இரும்புக் கைபிடியும், நீரின் கீழே சீமெந்தாற் கட்டிய ஒரு திண்ணையும் மிகுந்த உதவியாகும். செலவு மிகச் சிறிது.

குளிர்ப்பிரதேசத்துக்கே உரிய மற்றொரு தொல்லை நீராவி. வெந்நீரின் ஆவி குளிர்ந்த தகரக் கூரையிற் பட்டுத் துளித்துளியாகத் திரும்பி விழும். சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். குளிர் வரும் என்று அஞ்சிச் சாளரமே வைக்காதவர்கள் இத்துன்பத்தை அனுபவிக்கின்றனர். தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, ஓரடிக்கு ஒன்றரையடி அளவான திறப்பு ஒன்றும், கதவின் அடியில் ஒரு விரற்கடை இடைவெளியும் இருந்தால் காற்று கீழே புகுந்து மேலே ஆவியை ஏற்றிக்கொண்டு போகும். உயரத்திலுள்ள திறப்பினால் குளிர்காற்று உடம்பில் நேரே படாது. வெளியார் பார்வையும் படாது.

வெந்நீருக்கு விறகடுப்பே பலருக்கும் துணை. ஆறாயிரம் அடி உயரத்தில் நீர் ஏறத்தாழ தொண்ணூற்று நான்கு பாகையிலேயே கொதித்துவிடும். அத்தகைய கொதிநீர் ஆறு லீற்றருடன் ஊற்றுநீர் பதினான்கு லீற்றர் கலந்தால் உடம்புக்கு இதமான நாற்பது பாகை வெப்பமுள்ள ஒரு வாளி நீர் கிடைக்கும். குளிர்நீரை முதலிலும் கொதிநீரைப் பின்னும் ஊற்றுவது வழக்கமாக வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது சிறு விஷயமன்று. மின்சார வெந்நீர்க் கருவியை நாடுவோர், மூவாயிரம் வாட் கருவி நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றரையே அவ்வளவு சூடாக்கித் தரும் என்பதை அறிந்து வாங்கவேண்டும். அதற்குத் தனிக்கம்பியும், புவித்தொடுப்பும், முப்பது மில்லி அம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிச்’சும் இன்றியமையாதன. முழு அறையும் நனையும் இடத்தில் சுவிச்சுக்கு இடமில்லை. அது கதவுக்கு வெளியே இருக்கட்டும். குழாயின் அழுத்தத்தையும் கவனித்தல் வேண்டும். ஊற்று நூறடி மேலே இருந்தால் நீர் நன்கு பாயும்; முந்நூறடி மேலே இருந்தால் பொருத்துக்கள் வெடிக்கக்கூடும், இடையிலே ஒரு தொட்டி கட்டி அழுத்தத்தை முறிக்கவேண்டும்.

இவையெல்லாம் சொந்த நிலமும் தனி வீடும் உடையவர்க்கே பொருந்தும் என்று சில நேயர்கள் எண்ணக்கூடும். லயத்துக் காம்பரா தோட்டத்துக்குரியது; சுவரில் ஒரு துளை இடுவதற்கும் நிருவாகத்தின் இசைவு வேண்டும். தம் பணத்தில் தம் குடும்பத்துக்காக ஒரு குளியலறை கட்டுவதற்கு மற்றொருவரின் கையொப்பத்துக்காகக் காத்திருப்பது வருந்தத்தக்க நிலை. தனி வீடு வரும்வரை ஒரு வழி உண்டு. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, எழுத்தில் அனுமதி பெற்று, பீலிக்கரையிலேயே இரண்டு சிறிய மறைவுகளைக் கட்டிக்கொள்ளலாம். அங்கே நீர் உண்டு. நீர் போகும் கானும் உண்டு. மிகக் கடினமான இரண்டு வேலைகளும் முன்னோராலேயே முடிக்கப்பட்டுவிட்டன. நாலடிச் சதுரமான தளம், அதே கால் அங்குல வாட்டம், ஆறரை அடி உயரச் சீமெந்துக்கல் சுவர், அதற்குமேல் ஓரடி இடைவெளி விட்டுத் தகரக் கூரை. தனியே நிற்கும் இம்மறைவுக்கு அடுத்த அறை இல்லாமையால் விலையுயர்ந்த பூச்சுத் தேவையில்லை. நல்ல சீமெந்துச் சாந்து போதும். பீலியின் நீரைக் குழாயால் இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்குள்ளும் விடவேண்டும். பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் வெளியே மூன்றாவது வாய் ஒன்று இருப்பின் நெருக்கடி வராது.

உள்ளே மாற்றுடையை நனையாமல் தொங்கவிட, நீர் விழும் சுவருக்கு எதிர்ச்சுவரில், கையெட்டும் உயரத்தில் இரண்டு கொளுக்கிகள் வேண்டும். கதவு மரமாயினும் தகரமாயினும் ஆகுக. அதன் உட்புறத்தில் உறுதியான தாழ்ப்பாள் ஒன்று இருக்கவேண்டும். பணம் குறையும்போது முதலில் விடுபடுவது அதுவாகவே இருக்கின்றது. ஆகையால், கல்லும் சீமெந்தும் வாங்கும் அன்றே அதையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.